பகுதி இல்லாத விகிதம்

பெங்களூருவின் மெட்ரோ தூண்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரங்கள் நிறைந்திருக்கின்றன. கொழுகொழுவென்று ஒரு குழந்தை, அதை ஏந்திய ஒரு தாய், சில வேளைகளில் ஓரமாக ஒரு தந்தை, கீழே 'வெற்றி விகிதம்' என்ற சொற்களோடு உயர்ந்த ஓர் எண். எதில் வெற்றி, எத்தனை பேரில் வெற்றி என்பது எழுதப்படுவதில்லை. பள்ளிக் கணக்கில் பின்னத்தின் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி. நன்னூல் படித்தவர்களுக்கு வேறொரு பகுதியும் தெரியும்: பகுபதத்தைப் பிரிக்கும்போது முதலில் வந்து நிற்கும் உறுப்பு. அது இல்லாமல் சொல்லுக்குப் பொருள் இல்லை. விளம்பரத்து விகிதத்துக்குப் பகுதி இல்லை. ஆயினும் அதை நம்பித் தாலிக்கொடியை அடகு வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பெங்களூருவிலிருந்து எழுப்புவதற்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா சாவ்டா பிறந்தபோது, இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கிய பெருமை மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவுக்கும் அறிவியலாளர் டி. சி. ஆனந்த் குமாருக்கும் கிடைத்தது. ஆனந்த் குமார் பின்னர் பெங்களூருவில் குடியேறி, இங்கே ஒரு கருத்தரிப்பு மையத்தையும் நடத்தினார். 1997இன் தொடக்கத்தில் ஒரு மாநாட்டுக்காகக் கொல்கத்தா சென்றவரிடம் மறைந்த மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் குறிப்பேடுகள் தரப்பட்டன. அவற்றை வரிவரியாகப் படித்த ஆனந்த் குமார், 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த 'துர்கா'தான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்ற முடிவுக்கு வந்தார். அதே ஆண்டு, பெங்களூருவிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அதை எழுதி வெளியிட்டார். தம் பெயருக்கு முன்னே இருந்த 'முதல்' என்ற அடைமொழியைத் தாமே நீக்கிக்கொண்டார்.

முகர்ஜி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். அவருடைய கூற்றை ஆராய மேற்கு வங்க அரசு அமைத்த குழு அதை நம்பவில்லை; வெளிநாட்டில் ஆய்வை எடுத்துரைக்கவும் அவருக்கு இசைவு தரப்படவில்லை; கண் மருத்துவத் துறைக்கு அவர் இடம் மாற்றப்பட்டார்; 1981இல் தற்கொலை செய்துகொண்டார். தபன் சின்ஹாவின் 'ஏக் டாக்டர் கி மவுத்' பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் சாயல் தெரிந்திருக்கும். திரைப்படம் சொல்லாத பகுதி பெங்களூருவில் நடந்தது. போட்டியாளர் ஒருவர் மற்றவரின் பதிவேட்டைத் திறந்து படித்தார். அதில் இருந்ததை இருந்தபடியே உலகுக்குச் சொன்னார். இந்தியக் கருத்தரிப்பு மருத்துவத்தின் வரலாறு இப்போது நாம் அறிந்த வடிவில் நிற்பதற்குக் காரணம், ஒரு குறிப்பேடு பிறர் கண்ணுக்குத் திறக்கப்பட்டது என்பதே.

அந்தக் குறிப்பேட்டின் காலத்துக்குத் திரும்பினால் இன்னொன்றும் கண்ணில் படும். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டமில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கும், பத்து வாரங்கள் கழித்துப் பிறந்த துர்காவின் தாய்க்கும் இருந்த குறை ஒன்றே: கருக்குழாய்ப் பழுது. கருமுட்டை நலமாக இருந்தது, கருப்பை நலமாக இருந்தது, இரண்டுக்கும் இடையிலான வழி மட்டும் அடைபட்டிருந்தது. ஆகவே முட்டையை வெளியே எடுத்து, விந்தணுவோடு ஆய்வகத்தில் சேர்த்து, கருவைக் கருப்பையில் வைத்தார்கள். உடலுக்கு வெளியே கருத்தரித்தல், அதாவது ஐவிஎஃப், ஒரு குறிப்பிட்ட அடைப்பைச் சுற்றிப் போடப்பட்ட மாற்றுப்பாதை. அது அடைப்பை நீக்கவில்லை. நீக்குவதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

கருக்குழாய் ஏன் அடைபடுகிறது என்பது தனிக் கேள்வி. பால்வினைத் தொற்றுகள், பிரசவத்துக்கும் கருச்சிதைவுக்கும் பிந்தைய கிருமித் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் எனக் காரணங்கள் பல. இந்தியாவில் இவற்றோடு காசநோயும் சேர்கிறது. நுரையீரலில் இருமலாகத் தெரியும் அந்நோய் கருக்குழாயில் ஓசையின்றிக் குடியிருக்கும். பல பெண்களுக்கு வேறு எந்த அறிகுறியும் தோன்றாமல், குழந்தையில்லை என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான் அது வெளிப்படும். அதற்குள் குழாய் தழும்பேறியிருக்கும். கருப்பையின் உட்படலமும் பழுதுபட்டிருந்தால் ஐவிஎஃப்பும் பலன் தருவது அரிது. தேசியக் காசநோய் நிறுவனம் 1959 முதல் இதே பெங்களூருவில்தான் இயங்குகிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். இருபது வயதுப் பெண்ணின் காசநோயை உரிய நேரத்தில் கண்டறிவதும் ஒரு கருத்தரிப்புச் சிகிச்சையே என்று எந்தத் தூணிலும் எழுதியிருக்காது. அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

ஓர் அடைப்புக்கான மாற்றுப்பாதை எல்லா ஊருக்கும் ஒரே நெடுஞ்சாலையாக மாறியதுதான் அதற்குப் பின் நடந்த கதை. சினைப்பையில் முட்டை ஒழுங்காக முதிராத பிசிஓஎஸ் நிலையில் பலருக்கு எடைக்குறைப்பும் மலிவான மாத்திரையுமே முதல் வழி. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், பழைய குளோமிஃபீன் மாத்திரையைவிட லெட்ரோசோல் உட்கொண்டவர்களிடம் குழந்தைப் பிறப்பு மிகுதியாக இருந்தது. தைராய்டுக் குறைபாட்டுக்கும் மாத்திரை உண்டு. காரணத்தைத் தேடினால் சிலருக்கேனும் ஆய்வகத்துக்கு வெளியிலேயே விடை கிடைக்கும். தேடுவதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். மருத்துவருக்கு மட்டுமன்று, முப்பத்தைந்தை நெருங்கும் மகளைப் பார்த்துப் பெருமூச்சு விடும் குடும்பத்துக்கும்.

1992இல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து இக்சி வந்தது. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை அது. விந்தணு மிகக் குறைந்த ஆண்களுக்காகக் கண்டறியப்பட்டது. அந்த ஆண்களுக்கு அது பெரிய கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் விந்தணு இயல்பாக இருப்பவர்களுக்கும் அதையே செய்வது உலகெங்கும் வழக்கமாயிற்று. வியட்நாமின் ஹோ சி மின் நகரில், விந்தணு எண்ணிக்கையும் இயக்கமும் இயல்பாக இருந்த 1,064 தம்பதியரை இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2021இல் 'லான்செட்' இதழில் வெளியானது. குழந்தை உயிருடன் பிறந்தது இக்சி குழுவில் நூற்றுக்கு 35, சாதாரண ஐவிஎஃப் குழுவில் நூற்றுக்கு 31. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று. கரு ஒட்டுவதற்கு உதவும் என்று கருப்பை உட்படலத்தைச் சுரண்டிவிடும் வழக்கத்தையும் 1,364 பெண்களிடம் சோதித்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, சுரண்டப்பட்டவர்களிடமும் சுரண்டப்படாதவர்களிடமும் குழந்தைப் பிறப்பு ஒன்றே: 26.1 சதவீதம். கட்டணச் சீட்டில் மட்டும் வேறுபாடு இருந்திருக்கும்.

இங்கே மொழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'மலடி' என்ற சொல் தமிழில் வாழ்கிறது. கன்னடத்தில் 'பஞ்செ' வாழ்கிறது. இரண்டும் பெண்ணைக் குறிப்பவை. 'மலடன்' என்று சொல்வதற்கு இலக்கணத்தில் தடை ஏதும் இல்லை. திண்ணைப் பேச்சில்தான் அது காதில் விழுவதில்லை. மருத்துவ ஆங்கிலம் இதைவிட நாகரிகமானது என்று எண்ண வேண்டாம். கருப்பை வாய் கருவைத் தாங்காவிட்டால் அது 'திறனற்ற' வாய். மருந்துக்கு முட்டைகள் குறைவாக வந்தால் அந்தப் பெண் 'மோசமாகப் பதிலளிப்பவர்'. கரு ஒட்டாவிட்டால் 'தோல்வி'. தோற்றது மருந்தா, முறையா, கருவா என்பதை அந்தச் சொற்கள் சொல்வதில்லை. மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எழுதிய ஒரு கட்டுரை, முட்டையும் விந்தணுவும் சந்திப்பதைப் பாடநூல்கள் எப்படி ஒரு காதல் கதையாக, செயலற்ற பெண்ணும் வீறுகொண்ட ஆணுமாக எழுதின என்று காட்டியது. காத்திருப்பு அறைகளில் இன்று பெண்கள் தாமே சொல்லிக்கொள்வது: 'எனக்கு ரெண்டு தடவை ஃபெயில்.' நான்காம் வேற்றுமை வந்து தோல்வியை அவர்கள் கணக்கில் எழுதிவிடுகிறது.

குழந்தையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது என்பது மருத்துவ உலகம் பல காலமாக அறிந்தது. விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாயில், ஊசி குத்தாமல், ஒரே நாளில் முடிவது. அப்படியிருந்தும் கணவன் அந்தக் குப்பியைக் கையில் வாங்குவதற்குள் மனைவி ஸ்கேன்களையும் சாயம் செலுத்திய எக்ஸ்ரேவையும், சில இடங்களில் லேப்பராஸ்கோப்பியையுமே கடந்திருப்பது இன்றும் நடப்பதுதான். விதைப்பையின் இரத்தநாளங்கள் வீங்கும் வெரிகோசீல், பருவ வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, புகையிலை, உலைக்களம் போன்ற வேலையிடங்களின் வெப்பம், பிறவியிலேயே விந்துக்குழாய் அமையாமை என ஆண் தரப்புக் காரணங்களும் நீளமானவை. தசை வளர்க்கவென்று ஏற்றிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, பிட்யூட்டரி சுரப்பியின் கட்டளையை அடக்கி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. 'ஆண்மை ஊசி' என்று விற்கப்படும் ஒன்று மலட்டுத்தன்மையைத் தருகிறது. விந்தணு உருவாக இரண்டரை மாதங்கள் ஆகும். சில காரணங்களைச் சரிசெய்துவிட்டுச் சில மாதங்கள் காத்திருக்கலாம். அதற்குப் பதிலாக இக்சி பரிந்துரைக்கப்பட்டால் என்ன ஆகிறது? நோய் கணவனிடம், பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசியும், மயக்க மருந்தும், முட்டை எடுக்கும் ஊசியும், சினைப்பை மிகைத்தூண்டலின் ஆபத்தும் மனைவியின் உடலில். மருத்துவத்தின் வேறெந்தத் துறையிலும் ஒருவருடைய நோய்க்கு மற்றவர் இவ்வளவு முழுமையாகச் சிகிச்சை பெறுவதில்லை.

வயது இன்னொரு காரணம்; பெங்களூருவில் அதிகம் பேசப்படுவதும் அதுவே. படிப்பு, வேலை, வீட்டுக் கடன் எல்லாம் முடிந்து தம்பதியர் நிமிர்ந்து பார்க்கும்போது முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைந்திருக்கும். ஐவிஎஃப் வயதைத் திருப்பித் தராது. பிரிட்டனின் அரசு ஆணையம் வெளியிடும் கணக்கின்படி, வைக்கப்படும் ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் நூற்றுக்கு ஐந்து அளவே. இந்த உண்மையைச் சொல்வது வேறு, அதைக் காட்டி அச்சுறுத்துவது வேறு. முப்பது வயதுப் பெண்களுக்கு ஏஎம்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனையைக் கருவளச் சோதனை என்ற பெயரில் விற்கிறார்கள். அந்தச் சோதனை, மருந்து கொடுத்தால் எத்தனை முட்டைகள் வரக்கூடும் என்பதை ஓரளவு கணிக்கும். இயல்பாகக் கருத்தரிப்பார்களா என்பதை அது கணிப்பதில்லை: 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களைப் பின்தொடர்ந்து 2017இல் 'ஜாமா' இதழில் வெளியான ஆய்வில், ஏஎம்ஹெச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள்.

இனி அந்த எண்ணுக்கு வரலாம். கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை மையத்தை எடுத்துக்கொள்வோம். நூறு பெண்கள் ஊசி போடத் தொடங்குகிறார்கள். சிலருக்கு முட்டை வரவில்லை, சிலருக்குக் கரு வளரவில்லை. எண்பது பேருக்கே கரு வைக்கப்படுகிறது. அவர்களில் நாற்பத்து நான்கு பேருக்கு இரத்தப் பரிசோதனையில் கருத்தரிப்புத் தெரிகிறது. முப்பத்தாறு பேருக்கு இதயத்துடிப்பு கேட்கிறது. இருபத்தெட்டுப் பேர் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள். நாற்பத்து நான்கை எண்பதால் வகுத்தால் 55 சதவீதம். இருபத்தெட்டை நூறால் வகுத்தால் 28 சதவீதம். இரண்டும் பொய்யில்லை. முதல் எண் தூணில் ஏறும். இரண்டாவது எண் கோப்பில் கிடக்கும். நாற்பது கடந்தவர்களுக்கு இளம்பெண்ணின் தானமுட்டையை வைத்துப் பெற்ற வெற்றியையும் சேர்த்துவிட்டால் முதல் எண் இன்னும் உயரும். தானமுட்டையில் கணக்கிடப்படுவது கொடுத்தவரின் வயது.

அந்தக் கொடுப்பவர் யார் என்பதை 2022இல் ஈரோடு காட்டியது. போலி ஆதாரில் வயது கூட்டப்பட்டு, பதினாறு வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளியே வந்தபோது அவளுடைய தாயே கைதானார். அவ்வாண்டு ஜனவரியில்தான் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. முட்டை தருபவருக்குக் குறைந்தது 23 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைகளுக்கு மேல் கூடாது என்பன அதன் விதிகள். முட்டைக்கு இத்தனை தேவை எழுந்ததற்கும், காரணம் கேட்காமல் ஆய்வகத்துக்கு விரைவதற்கும் உள்ள உறவை நாம் இன்னும் கணக்கெடுக்கவில்லை.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இந்நகரில் ஒரு சுழற்சிக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என ஆகும். ஒன்றோடு முடிவது அரிது. மருத்துவக் காப்பீட்டின் வழக்கமான விலக்குப் பட்டியலில் மலட்டுத்தன்மைச் சிகிச்சை இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத்திலும் அதற்கு இடமில்லை. இதன் வேர் பழையது. 1930இலேயே மைசூர் சமஸ்தான அரசு கருத்தடை மையங்களைத் திறந்தது. பிள்ளை குறையட்டும் என்று முக்கால் நூற்றாண்டாகப் பரப்புரை செய்த அரசுக்குப் பிள்ளையில்லாதவர்களை எண்ணத் தோன்றவில்லை. 2019–21 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.7 குழந்தைகள், தமிழ்நாட்டில் 1.8 என்று இருந்தது. கோவா 2023இல் அரசு மருத்துவக் கல்லூரியில் இலவச ஐவிஎஃப்பைத் தொடங்கியது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் அரசு கருத்தரிப்பு மையம் வந்தது. கடல் அளவு தேவைக்கு இவை கையளவு நீர். இடைவெளியில் லேகியமும் பரிகாரமும் நுழைகின்றன. அவற்றின் வெற்றி விகிதத்துக்குத் தொகுதியும் இல்லை, பகுதியும் இல்லை. ஐவிஎஃப்பின் குறைகளைச் சொல்வது அவற்றுக்கு வழிவிடுவதாகாது.

ஒவ்வொரு மையமும் தன் கணக்கை வெளியிட வேண்டும் என்றால் மருத்துவர்கள் ஓர் எதிர்வாதம் வைப்பார்கள். அதை எளிதில் தள்ள முடியாது. எண்ணுக்காகப் போட்டியிட்டால், நாற்பது வயதுக்காரரையும் காசநோய் கண்டவரையும் மையங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்பது அந்த வாதம். உண்மையாகவே நடக்கக்கூடியது. வயதுவாரியாக, காரணவாரியாக, சொந்த முட்டையா தானமுட்டையா என்று பிரித்து, ஊசி தொடங்கியவர்களைப் பகுதியாக வைத்து வெளியிட்டால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். அமெரிக்கா இதற்கென 1992இலேயே சட்டம் இயற்றியது. பிரிட்டனில் எந்த மையத்தின் கணக்கையும் எவரும் எடுத்துப் பார்க்கலாம். ஜெயநகரிலோ இந்திராநகரிலோ ஒரு மையத்தின் படியேறும் தம்பதியருக்கு அப்படி எடுத்துப் பார்க்க ஒரு பட்டியல் இல்லை.

இத்தனைக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, சிகிச்சைக்கு வருபவர்களுக்கு அதன் விளைவுகளையும், அந்த மையத்தில் வெற்றி பெறும் வாய்ப்புகளையும், செலவையும், பக்கவிளைவுகளையும் எடுத்துரைக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 'அந்த மையத்தில்' என்ற ஏழாம் வேற்றுமையைச் சட்டம் தெரிந்தே வைத்திருக்க வேண்டும். உலகச் சராசரியைச் சொல்லித் தப்புவதற்கு அது இடம் தரவில்லை. நாடு முழுவதும் கிளைபரப்பிய நிறுவனத்தின் மொத்த எண்ணைச் சொல்லவும் இடம் தரவில்லை. படியேறிய அந்த மையத்தில், அந்த வயதில், அந்தக் காரணத்தோடு, சென்ற ஆண்டு ஊசி தொடங்கியவர்கள் எத்தனை பேர், குழந்தையோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்கலாம், எழுத்தில் கேட்கலாம்.